கைவிட்ட கல்குவாரிப் பக்கம் நடக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்ப் பொத்தையில் வேலை நின்றுபோன கல்குவாரிகள் இருக்கின்றன. தை பிறந்ததும் நண்பரோடு அந்த வழியாக மலையேற நினைக்கிறோம். எதில் கவனம் வேண்டும்? (வாசகர், தக்கலை)

பதில்: தாராளமாகப் போங்கள், குவாரி விளிம்பிலிருந்து மட்டும் விலகியே நடங்கள். இயற்கையான பாறை முகட்டை நம்புகிற மாதிரி வெடிவைத்துப் பிளந்த முகட்டை நம்பக் கூடாது. சுவரில் ஒன்றேகால் அங்குல அகலத்தில், பாதி பிளந்த குழாய்போல நெட்டுக்குத்தாகத் தடங்கள் தெரிந்தால், அங்கே துளைபோட்டு வெடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெடித்த அதிர்ச்சியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளேயும் ஓடியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் அவற்றில் இறங்கும்; மேலே கிடக்கும் செம்மண்ணும் ஊறிக் கனத்துவிடும். மழை விட்டு, நல்ல வெயில் அடிக்கிற நாளில்கூடச் சரிவது இதனால்தான். விளிம்பிலிருந்து பத்தடியாவது தள்ளி நில்லுங்கள். விளிம்புக்கு இணையாக மண்ணில் வெடிப்பு ஓடியிருந்தால் அதையும் தாண்டிப் பின்னால் வந்துவிடுங்கள். கீழே நின்று பார்ப்பதானால், சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் விலகி நிற்பது நல்லது.

உடைகல் சரிவில் இருவரும் ஒரே நேரத்தில், ஒருவருக்கு மேல் ஒருவராக ஏறாதீர்கள். மேலே இருப்பவர் காலில் தட்டுகிற கல் நேராகக் கீழே இருப்பவர் தலைக்கு வரும். ஒருவர் கடந்து ஓரமாக ஒதுங்கிய பிறகு மற்றவர் கிளம்பட்டும். கற்குவியலுக்குள் கையை நுழைக்காதீர்கள், விரியன் பாம்புகளுக்குப் பிடித்த இடம் அது. கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். துளையிலிருந்து நிறக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது வெடிக்காமல் தங்கிய வெடிமருந்தாக இருக்கலாம். தொடாமல் விலகி, காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

காலைப் பனியில் பாசிப் பாறை வழுக்கும், அதனால் எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஜனவரியில் ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நாலரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். பாதை காப்புக்காட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

கேள்வி: குவாரித் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, குளிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குளத்தைப்போலச் சரிந்து இறங்காது. ஓரடி எடுத்துவைத்ததும் ஆளை விழுங்கும் ஆழம். சுவர் செங்குத்து, பிடித்து ஏற இடமில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் இதனால்தான் சாகிறார்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ, வேட்டியோ, நீளக் கம்போ நீட்டுங்கள்.

கேள்வி: உடைந்த கல்லில் மாதுளை முத்துபோல மின்னுவது என்ன?

பதில்: கார்னெட் என்ற செந்நிறக் கனிமம். குமரி மாவட்டத்துப் பாறைகளில் நிறையவே உண்டு. பாறை மக்கி உதிர்ந்ததும் ஆறுகள் அதைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. சாதாரண மணலைவிடக் கனமானது என்பதால், அலை வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போக, இது கரையில் தங்கிவிடுகிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சிவப்பும் கறுப்புமாகப் படிவது இப்படித்தான். கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. அந்த மணலில் மோனசைட் என்ற தோரியத் தாது இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். நம்மூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. கார்னெட்டைப் பார்க்கச் சுவரைக் கொத்த வேண்டாம், சுவரைவிட்டுத் தள்ளிக் கிடக்கும் சல்லியிலேயே கிடைக்கும். நனைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள், நிறம் எடுத்துக் காட்டும்.