டிக் டிரேசி 1967: விலைபோகாத பைலட் பற்றி உங்கள் கேள்விகள்

கே: பைலட் விற்கவில்லை என்றால் என்ன கணக்கு, சார்?

ப: சேனலுக்குக் காட்டவென்றே எடுக்கும் மாதிரி எபிசோட் அது. அந்தக் கால அமெரிக்காவில் வசந்த காலத்தில் பைலட்டுகளைப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் தொடங்கும் சீசனுக்கு எது வேண்டுமென முடிவு செய்வார்கள். வேண்டாமென்றால் பெட்டிக்குள் போகும். துப்பறியும் போலீஸ்காரர் டிக் டிரேசியை வைத்து எடுத்த இந்த 1967 பைலட்டும் அப்படித்தான் போனது.

கே: யார் எடுத்தது? யார் நடித்தார்கள்?

ப: 'பேட்மேன்', 'கிரீன் ஹார்னெட்' ஆகிய இரண்டு டிவி தொடர்களையும் தயாரித்த வில்லியம் டோசியர். டிரேசியாக ரே மெக்டானல். நேட்டோ தூதர்களைக் கடத்தும் மிஸ்டர் மெமரியாக விக்டர் புவோனோ. பேட்மேனில் கிங் டட் என்ற வில்லனாக வந்தவர் இவர்தான். டைட்டில் இசை வெஞ்சர்ஸ் இசைக்குழு. டிரேசியின் மகளாக வரும் ஈவ் பிளம்ப், 1969இல் 'தி பிராடி பன்ச்' டிவி தொடரில் ஜேனாக வந்த அதே குழந்தை.

கே: பேட்மேன் அவ்வளவு ஓடியதே, அதே தயாரிப்பாளரின் டிரேசி ஏன் ஓடவில்லை?

ப: முதல் காரணம் நேரம். பேட்மேன் 1966 ஜனவரியில் பற்றிக்கொண்டது. 1967இல் அந்தச் சூடு தணிந்துவிட்டது: கிரீன் ஹார்னெட் 26 எபிசோடோடு மார்ச்சில் நின்றது, வாரம் இருமுறை வந்த பேட்மேன் மூன்றாவது சீசனில் வாரம் ஒருமுறையாகக் குறைந்தது. அதே கடையிலிருந்து மூன்றாவது சரக்கு வந்தால் யார் வாங்குவார்?

இரண்டாவது, என் பார்வையில் பெரிய காரணம், வில்லன். செஸ்டர் கௌல்ட் 1931 அக்டோபரில் தொடங்கிய டிரேசி நாளிதழ்ச் சித்திரக்கதையின் உயிரே வில்லன்களின் விகார முகங்கள்தான். பிளாட்டாப் என்ற வில்லன் 1943 டிசம்பரில் வந்து 1944 மே மாதம்தான் செத்தான். தினம் மூன்று நான்கு கட்டமாக ஐந்து மாதம் அவனோடு வாழ்ந்த வாசகனுக்கு, அரை மணி நேரத்தில் வந்து போகும் மிஸ்டர் மெமரி எப்படி ஈடாவார்? டிரேசி, மனைவி, மகள், சகாக்கள் என்று எல்லோரையும் அறிமுகம் செய்து வழக்கையும் முடிக்க வேண்டும். வில்லன் பழகுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. புவோனோ நடிப்பில் குறை இல்லை, திரைக்கதையில்தான்.

கே: டிரேசி மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைக்கடிகார டிவி இந்த பைலட்டுக்காகச் செய்ததா அண்ணா?

ப: இல்லை. சித்திரக்கதையில் 1946இல் மணிக்கட்டு ரேடியோ வந்தது, 1964இல் அதுவே டிவியானது.

கே: என்னிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி இருக்கிறது. இதுதானா?

ப: அது பெரும்பாலும் 1950-51 தொடராக இருக்கும். நாயகன் ரால்ஃப் பைர்டா என்று பாருங்கள். 1967 பைலட் வண்ணத்தில் எடுத்தது.

கே: வண்ணப் பிரதிதான், ஆனால் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

ப: அந்தக் கால ஈஸ்ட்மன்கலர் வண்ணப் பிலிம் பிரிண்டுகளில் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. சாச்சுரேஷனை (நிறச் செறிவை) குறைத்தால் படம் செத்துவிடும், அதைத் தொடாதீர்கள். எடிட்டிங் மென்பொருளின் லெவல்ஸ் கருவியில் ரெட் சேனலை (சிவப்பு நிறப் பகுதியை) மட்டும் எடுத்து, நிழல் பகுதி கறுக்கும்வரை பிளாக் பாயிண்டை (கறுப்பு தொடங்கும் அளவை) உயர்த்துங்கள். பிறகு முகத்தின் நிறத்தைப் பார்த்து ப்ளூ சேனலைச் சரிசெய்யுங்கள். ரெட் சேனலைத் தனியாகப் பார்க்கும்போது வெறும் புள்ளிகளாகத் தெரிந்தால் அங்கே சாயமே மிஞ்சவில்லை. அளவை இழுக்க இழுக்கப் படத்தில் புள்ளி இரைச்சல்தான் கூடும். மூலக் கோப்பை மாற்றாமல் நகலில் வேலை செய்யுங்கள்.