ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம்: 18 லட்சத்துக்குள் அடங்குமா?

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. கோவையில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் சேர நினைக்கிறீர்கள். வங்கிக் கடன் 18 லட்சம் வரை கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபீஸே கிடையாது என்று சீனியர்கள் சொன்னார்கள். இப்போது முனிச்சில் செமஸ்டருக்கு 6,000 யூரோ என்று கேள்விப்படுகிறீர்கள். கன்சல்டன்சிக்காரரோ, "எல்லா மாநிலத்திலும் ஃபீஸ் வரப்போகுது, பேசாம பிரைவேட்ல சேர்ந்துடுங்க" என்கிறார்.

முதலில் அவர் சொன்னதைத் தள்ளிவையுங்கள். தனியார் கல்லூரிகள் பல, ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுகளுக்குக் கமிஷன் தருகின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவர் அவசரத்துக்குக் காரணம் தேடினால் அங்கேயிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியின் 16 மாநிலங்களில் பெரும்பாலானவற்றில், அரசுப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான மாஸ்டர்ஸுக்கு வெளிநாட்டவருக்கும் இன்று கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் "ஜெர்மனி ஃப்ரீ" என்று ஒரே வரியில் சொல்லக்கூடிய காலமும் போய்விட்டது.

கல்வி இங்கே ஜெர்மனியில் மாநில அரசின் கையில் இருக்கிறது. ஆகவே கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாடன்-வுர்ட்டம்பெர்க் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட், ஹைடெல்பெர்க், ஃப்ரைபுர்க், மன்ஹைம், உல்ம் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மெக்கானிக்கல்காரர்கள் முதலில் எழுதிவைக்கும் கார்ல்ஸ்ரூவும் ஸ்டுட்கார்ட்டும் இதில் அடக்கம். மாநில பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்த கட்டணம் அது. 1,500-ல் 300 யூரோ மட்டும் பல்கலைக்கழகத்துக்கு, மீதி மாநில கஜானாவுக்கு என்றுதான் கொண்டுவந்தார்கள். பணம் கட்டுகிறோமே, லேபும் வகுப்பும் அதற்கேற்ப இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலமும் இதைப் பின்பற்றப் பார்த்தது, பிறகு கைவிட்டது. அந்த மாநிலத்து ஆஹனில் கட்டணம் இல்லாமல் படிக்க முடிவது அதனால்தான்.

பவேரியாவின் வழி வேறு. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உயர்கல்விச் சட்டம், கட்டணம் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே விட்டுவிட்டது. முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்கத் தொடங்கியது: இளநிலைக்கு 2,000 அல்லது 3,000, மாஸ்டர்ஸுக்கு 4,000 அல்லது 6,000 யூரோ, படிப்பைப் பொறுத்து. நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். நான்கு செமஸ்டருக்கு 24,000 யூரோ. உங்கள் மொத்தக் கடனும் அதில் கரைந்துவிடும். சில விலக்குகளும் உதவித்தொகைகளும் உண்டு, ஆனால் அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனி கெடு. அட்மிஷன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கெடு தாண்டியிருக்கும். பி.எச்.டி.க்கு இந்தக் கட்டணங்கள் இல்லை. இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகளுக்கும் இல்லை. நீங்கள் இங்கே பார்க்கப்போகும் ஈழத்தமிழ் குடும்பத்துப் பிள்ளைகள் அதே வகுப்பில் ஒரு சென்ட் கட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்லும் செலவுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொரு பொறி, அரசுப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் 'தொடர்கல்வி' மாஸ்டர்ஸ். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கானது, கட்டணம் பல ஆயிரம் யூரோ, எந்த மாநிலமானாலும் வாங்கலாம். எம்.பி.ஏ. பெரும்பாலும் இந்த வகைதான். டி.ஏ.ஏ.டி. (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தேடுதளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் செலவு என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே 'கட்டணம் இல்லை' என்று இருந்தாலும் அதோடு நிற்காமல், அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் கட்டண விதிமுறையைத் திறந்து, நீங்கள் சேரும் செமஸ்டருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சீனியர் சொன்னது அவர் சேர்ந்த ஆண்டின் கணக்கு. புதுக் கட்டணம் வரும்போது ஏற்கெனவே சேர்ந்தவர்களை விட்டுவிட்டுப் புதிதாக வருபவர்களிடம் வாங்குவதுதான் இங்கே வழக்கம்.

கட்டணம் இல்லாத இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. நகரத்தைப் பொறுத்து 100-லிருந்து 400 யூரோ வரை. பல இடங்களில் இதில் பெரும்பகுதி பயணச்சீட்டு. நாடு முழுக்கச் செல்லும் ஜெர்மனி டிக்கெட்டின் விலையில் 60 சதவீதம்தான் மாணவர் விலை. அந்த டிக்கெட் 2023-ல் 49 யூரோவாகத் தொடங்கி, 2025-ல் 58, 2026-ல் 63 என்று ஏறியதால் பங்களிப்பும் கூடவே ஏறிக்கொண்டிருக்கிறது. 'ஃபீஸ் ஏறுகிறது' என்று கட்டணமில்லாத மாநிலத்து மாணவர்கள் புலம்பினால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது முக்கியமான கணக்கு. 1,500 யூரோவை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250. முனிச்சில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை 700, 800 யூரோ சர்வசாதாரணம். கார்ல்ஸ்ரூவில் மாணவர் விடுதி கிடைத்தால் 350 பக்கம். ஆக, விடுதி கிடைத்தால் கட்டணம் வாங்கும் கார்ல்ஸ்ரூ மாதம் 600 பக்கம்தான்; முனிச்சில் கட்டணம் வாங்காத வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் வாடகையே அதைத் தாண்டிவிடும். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் கட்டணமும் இல்லை, வாடகையும் குறைவு. ஆனால் பகுதிநேர வேலைக்கு ஜெர்மன் பேச வேண்டும், கம்பெனிகளும் குறைவு. எனவே பல்கலைக்கழகப் பட்டியல் போடும்போது கட்டணம் என்று ஒரு பத்தியும் வாடகை என்று ஒரு பத்தியும் தனித்தனியாக வைக்காமல், இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுங்கள்.

அடுத்து முடக்கக் கணக்கு (blocked account), அதாவது ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டுவைத்து மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு. விசாவுக்கு நீங்கள் காட்ட வேண்டிய தொகை 11,904 யூரோ, அதாவது மாதம் 992. 2019-ல் இது மாதம் 720-லிருந்து 853 ஆனது. பிறகு 861, 934, 2024 செப்டம்பரில் 992. உண்மையில் ஏறிக்கொண்டே போவது இதுதான். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே (அதற்கு மேலேயும் போகிறது) கிட்டத்தட்ட 12 லட்சம். கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 மட்டும்தான் வெளியே வரும். செப்டம்பரில் 1,500 யூரோ கட்டணமும் 200 யூரோ பங்களிப்பும் ஒரே தவணையில் கட்டச் சொன்னால் அதற்கு இந்தப் பணத்தைத் தொட முடியாது. வீட்டு அட்வான்ஸுக்கும் முடியாது. சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். ஆக, முடக்கக் கணக்குக்கு வெளியே குறைந்தது 2,500 யூரோ கைவசம் வேண்டும், கட்டணம் வாங்கும் மாநிலமானால் 4,000. கடன் கேட்கும்போதே இதைத் தனி இனமாகக் காட்டுங்கள். பல வங்கிகள் கல்விக் கட்டணத்தை நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அட்வான்ஸையும் விமான டிக்கெட்டையும் அப்படி அனுப்ப ஆளில்லை.

பணம் அனுப்புவதில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. இந்திய வங்கியிலிருந்து அனுப்பும் தொகையில் இடையில் உள்ள வங்கி 15, 20 யூரோ பிடித்துக்கொள்ளும். பல்கலைக்கழகத்துக்கு 1,680-க்குப் பதில் 1,662 போய்ச் சேரும். கணினி அதை 'முழுத் தொகை வரவில்லை' என்று நிறுத்திவைக்கும். யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள். எனவே எல்லாக் கமிஷனும் அனுப்புபவர் தலையில் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். பணம் எதற்கு என்ற கட்டத்தில், அவர்கள் கொடுத்த எண்ணை ஓர் இலக்கமும் மாறாமல் போடுங்கள். இங்கே வந்து கணக்குத் திறந்ததும் அதிலிருந்தே கட்டிவிடுங்கள், இந்தத் தொல்லை இருக்காது.

இது முதல் செமஸ்டரோடு முடிவதில்லை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் முன்னால், சில வாரங்களே திறந்திருக்கும் மறுபதிவுக் காலத்துக்குள் பணம் கட்டினால்தான் நீங்கள் மாணவர். தவறினால் தாமதக் கட்டணம், அதையும் விட்டால் பெயர் நீக்கம். பெயர் போனால் மாணவர் காப்பீடு, பகுதிநேர வேலை ஒப்பந்தம், குடியிருப்பு அனுமதி மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியும்.

நான்கு செமஸ்டரில் முடித்துவிடுவேன் என்று கணக்குப் போடாதீர்கள். நம்மூரிலிருந்து வருபவர்களில் பலருக்கு ஐந்து, ஆறு ஆகிறது. தேர்வில் தோற்றால் அடுத்த வாய்ப்பு சில சமயம் ஒரு செமஸ்டர் கழித்துத்தான். கம்பெனியில் தீசிஸ் செய்ய இடம் தேடுவதிலும் மாதங்கள் போகும். கட்டணம் எத்தனை பாடம் எடுக்கிறீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை, செமஸ்டரைத்தான் பார்க்கிறது. தீசிஸ் மட்டும் பாக்கி என்றாலும் முழு 1,500, முனிச்சில் முழு 6,000. கட்டணமில்லாத நீடர்சாக்சனில்கூட, படிப்புக் காலத்தைத் தாண்டி ஆறு செமஸ்டருக்கு மேல் இழுத்தால் செமஸ்டருக்கு 500 யூரோ கட்டவேண்டிவரும். பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு செமஸ்டர் விடுப்பு எடுப்பதானால், வகுப்புகள் தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள். அப்போதுதான் அந்த செமஸ்டருக்குக் கட்டணம் இல்லை.

இரண்டாம் ஆண்டுச் செலவை வேலை பார்த்துச் சமாளிக்கலாமா? ஓரளவுக்கு. சட்டம் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதிக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பார்க்கும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. குறைந்தபட்சக் கூலி 2026-ல் மணிக்கு 13.90 யூரோ. மினி ஜாப் (சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள சிறு வேலை) என்றால் மாதம் 603 யூரோ வரை. அது விடுதி வாடகைக்கும் காப்பீட்டுக்கும் போதும், அதோடு சரி. மாணவர் காப்பீடே மாதம் 140, 150 யூரோ. 30 வயது தாண்டினால் அந்தச் சலுகை இல்லை, கணிசமாகக் கூடும். விலை குறைவு என்று தொடக்கத்திலேயே தனியார் காப்பீட்டுக்குப் போய்விட்டால் படிப்பு முடியும்வரை அரசுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. விசா ஏஜென்டுகள் இலவசமாகத் தரும் பயணக் காப்பீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கும்போது வெளிநாட்டவர் அலுவலகம் மறுபடியும் பணம் காட்டச் சொல்லும். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, கணக்கில் இருப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 992-ஐ எட்ட வேண்டும்.

உங்கள் 18 லட்சத்துக்கு வருவோம். கட்டணமில்லாத மாநிலம், வாடகை குறைந்த நகரம் என்றால் முதல் ஆண்டு தாராளமாக முடியும், இரண்டாம் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் மிஞ்சும், மீதிக்கு வேலை. பாடன்-வுர்ட்டம்பெர்க் என்றால் முதல் ஆண்டே 15 லட்சத்தைத் தாண்டும். படிப்பு உங்களுக்கு அவ்வளவு பொருத்தம் என்றால் மட்டும், கடனை 22 லட்சமாக்க முடிந்தால் மட்டும் அதைப் பாருங்கள். முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உதவித்தொகை இல்லாமல் உங்கள் கணக்கில் இல்லை. அந்தப் பெயருக்காக வீட்டை அடமானம் வைப்பதை நான் சொல்ல மாட்டேன். ஆஹன், பிரவுன்ஷ்வைக், டார்ம்ஸ்டட் மூன்றிலும் மெக்கானிக்கல் எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இப்போதே செய்ய வேண்டியது ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு (உங்கள் இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) விண்ணப்பிப்பது. இந்தியர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், 18,000 ரூபாய், சீசனில் வாரக்கணக்கில் தாமதமாகும். அது கைக்கு வந்தால்தான் மற்றதெல்லாம் நகரும். பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் பொது அமைப்பான யூனி-அசிஸ்ட் வழி விண்ணப்பங்களுக்கு முதலாவதுக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. கண்டபடி பதினைந்து இடத்துக்குப் போடாமல் ஆறேழு இடம் போதும். நேரடி விண்ணப்பம் வாங்கும் இடங்கள் இரண்டு மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் போட்டதும் வாடகையும் கட்டணமும் கூட்டிய எண்ணோடு இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.