உயர் நீதிமன்றமா, மேல் நீதிமன்றமா?

கேள்வி: எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை மறுத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் அரச ஊழியர். "அடிப்படை உரிமை மீறல் இது, உயர் நீதிமன்றத்தில் மனுப் போடு" என்கிறார் அண்ணா. சென்னையிலிருக்கும் மச்சாளோ, உயர் நீதிமன்றம் என்றால் ஹைகோர்ட்தான் என்கிறா. ஹைகோர்ட் திருகோணமலையிலேயே இருக்கிறதே, அங்கே கொடுக்கலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: அங்கே கொடுக்க முடியாது. அண்ணா சொன்னதும் சரி, மச்சாள் சொன்னதும் சரி, அவரவர் நாட்டுக்கு.

இந்தியாவில் ஹைகோர்ட் உயர் நீதிமன்றம். சுப்ரீம் கோர்ட் உச்ச நீதிமன்றம். இலங்கையிலோ சுப்ரீம் கோர்ட்தான் உயர் நீதிமன்றம். ஹைகோர்ட்டை மேல் நீதிமன்றம் என்கிறோம். இரண்டு நாடுகளிலும் இந்த நீதிமன்றங்கள் பிறந்த வரிசையே வேறு. சென்னை ஹைகோர்ட் 1862இல் வந்தது, இந்திய சுப்ரீம் கோர்ட் 1950இல்தான். இங்கே தலைகீழ்: சுப்ரீம் கோர்ட் 1801ஆம் ஆண்டுச் சாசனத்தோடு வந்தது, ஹைகோர்ட் 1973இன் நீதி நிர்வாகச் சட்டத்தால் பிறந்த இளையது. முந்தி வந்தது 'உயர்' என்பதை எடுத்துக்கொள்ள, பிந்தி வந்ததற்கு வேறு சொல் தேட வேண்டியதாயிற்று என்றே எனக்குப் படுகிறது. அகராதியைப் பார்த்தால் 'உயர்', 'மேல்' இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. போதாததற்கு 'மேல் மாகாணம்' என்றால் நமக்கு மேற்கு! கிழக்கு மாகாணத்து மேல் நீதிமன்றம் என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும்.

சந்தேகம் வந்தால் சிங்களப் பெயரைப் பாருங்கள். 'ஸ்ரேஷ்டாதிகரணய' உயர் நீதிமன்றம். 'மஹாதிகரணய' மேல் நீதிமன்றம். அதில் குழப்பமே வராது.

இனி உங்கள் விஷயம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவைக் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில்தான், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள், தாக்கல் செய்ய வேண்டும். தவறான படியேறி இரண்டு கிழமை போனால் பாதி மாதம் போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே உண்டு. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். போகும்போது கடிதத்தோடு அது வந்த உறையையும் கொண்டுபோங்கள். கடிதத்தில் போட்ட திகதி ஒன்று, தபால் முத்திரையில் விழுந்த திகதி வேறொன்றாக இருக்கும்.