நகராத சூரியனை வைத்து ஒரு விளையாட்டு: கேள்வி பதில்

சேலத்தில் விண்வெளிப் பயண விளையாட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகள், தன் விண்மீனுக்கு எப்போதும் ஒரே முகம் காட்டும் கோள்களைப் பற்றிக் கேட்டார்கள். நிலா நமக்கு ஒரே முகம் காட்டுகிறதே, அதே ஓதப் பூட்டுதான்: ஈர்ப்பு விசை, தன்னைத்தானே சுற்றும் நேரத்தைச் சுற்றுப்பாதையின் நேரத்தோடு பூட்டிவிடுகிறது.

அண்ணா, ஒரு பக்கம் தீ, மறுபக்கம் பனி. இதில் விளையாட என்ன இருக்கிறது?

நடுவில் இருக்கிறது. வெளிச்சமும் இருளும் தொடும் அந்தி வளையத்தில். அங்கே சூரியன் நகராது. நீங்கள் நகர்ந்தால்தான் நகரும். பூமியளவு கோளில் சூரியனுக்கு முதுகு காட்டி 111 கிலோமீட்டர் நடந்தால் அது ஒரு பாகை இறங்கும். சேலத்திலிருந்து சென்னை தூரம் போனால் மூன்று பாகை. சூரியனின் உயரமே ஊரின் முகவரி. திரையின் மூலையில் இருக்கும் வரைபடத்தைத் தூக்கி எறியுங்கள்.

நிழலையும் கவனியுங்கள். ஏற்காட்டுக் காப்பிக் களத்தில் சுவரோர நிழலில் கிடக்கும் கொட்டை ஈரம் காயாமல் கிடக்கும்; நிழல் விலகினால்தான் காயும். பூட்டிய கோளில் நிழல் விலகவே விலகாது. ஒரே பாறையின் முன்புறம் வெதுவெதுப்பு, பின்புறம் என்றோ படிந்து இன்னும் உருகாத உறைபனி. நான் விளையாட்டுக்காகச் செய்த முதல் கோளில் பகலிரவு மாற்றத்தை அணைக்க மறந்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மாமா, உங்கள் சூரியன் சாய்கிறதே" என்றாள்.

இருட்டுப் பக்கத்தில் காற்றே உறைந்துவிடாதா?

காற்று மெல்லியதாக இருந்தால் உறையும். 1997இல் ஜோஷி, ஹேபர்லே, ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானிகள் செய்த கணக்கீட்டின்படி, பூமியின் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கரியமில வாயு இருந்தாலே வெப்பம் மறுபக்கம் போய்ச் சேரும். பகல் நடுவில் சூடேறிய காற்று மேலெழ, தரையோரம் குளிர்காற்று இருளிலிருந்து வெளிச்சத்தை நோக்கி வரும். இருட்டில் வழி தவறியவன் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தால் போதும்.

விண்மீனுக்குப் பக்கத்தில் இருந்தாலே பூட்டிக்கொள்ளுமா?

இல்லை. புதனை அப்படித்தான் நம்பினார்கள். 1965இல் ரேடார் அதைப் பொய்யாக்கியது: சூரியனை இருமுறை சுற்றுவதற்குள் புதன் தன்னைத்தானே மும்முறை சுற்றிக்கொள்கிறது.

நாள், மணி எதுவுமே இல்லையென்றால் "நாளை வா" என்று ஒரு பாத்திரம் எப்படிச் சொல்லும்?

சொல்லாது, அந்த வசனத்தை வெட்டுங்கள். ஆனால் கடிகாரம் உண்டு. 2016இல் கண்டறியப்பட்ட புராக்சிமா சென்டாரி பி என்ற கோள் தன் விண்மீனைச் சுற்ற 11.2 நாள் எடுக்கிறது. அது பூட்டப்பட்ட கோளென்று வைத்துக்கொண்டால், இருட்டுப் பக்க வானத்தில் விண்மீன்கள் அதே 11.2 நாளில் ஒரு சுற்று சுற்றி வரும். பாதை சற்று நீள்வட்டமாக இருந்தால் சூரியனும் லேசாக ஆடும். அந்தி வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறையும். அங்கே ஒரு சந்தையை வையுங்கள். சூரியன் எட்டிப் பார்த்தால் கடை திறக்கட்டும்.

நிலா வைக்கலாமா?

வேண்டாம். விண்மீனுக்கு இவ்வளவு நெருக்கத்தில் நிலா நிலைப்பது கடினம். டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் கோள்களைப் போல நெருங்கிய குடும்பமாக வையுங்கள். அங்கே ஏழு கோள்கள். உள்ளே இருப்பது ஒன்றரை நாளிலும் கடைசியில் இருப்பது ஏறத்தாழ 19 நாளிலும் சுற்றி வருகின்றன. பக்கத்துக் கோள் நெருங்கி வரும்போது நம் நிலாவைவிடப் பெரிதாகத் தெரியும்.