வடியாத வயல்: வாசகர் கேள்வி – பதில்

காவிரிப் பாசனப் பகுதியின் வண்டல் நிலங்களில் நீர் தேங்குவது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

ஆற்றை ஒட்டிய படுகையில் வாழை செழிப்பாக வருகிறது. அரை மைல் தள்ளி இருக்கும் என் வயலில் ஒரு நல்ல மழை பெய்தால் வாரக்கணக்கில் நீர் நிற்கிறது. இரண்டும் ஒரே ஆறு போட்ட மண்தானே? – வாசகர், வலங்கைமான்

ஒரே ஆறுதான். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே மண்ணைப் போடவில்லை. வெள்ளம் கரை தாண்டியதும் அதன் வேகம் சட்டென்று குறையும். கனமான மணலும் பருவெட்டான வண்டலும் கரையோரத்திலேயே விழுந்துவிடும். இலேசான களித்துகள் மட்டும் நீரோடு உள்ளே போய், நீர் அசையாமல் நிற்கும் பள்ளத்தில் மெதுவாகப் படியும். பல நூற்றாண்டுகளாக இப்படி நடந்ததில் கரையோரம் சில அடி உயர்ந்த மணற்பாங்கான மேடாகவும், உள்பகுதி தாழ்ந்த களியாகவும் ஆகிவிட்டன. மண் ஆய்வாளர்கள் காவிரிக் கழிமுகத்தில் படுகை, ஆதனூர், களத்தூர் என்று மண்ணை வகை பிரித்திருக்கிறார்கள். படுகை வகை ஆற்றோரத்து இளம் வண்டல். மற்ற இரண்டும் களி.

உங்களுடையது களத்தூர் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், முதல் மழையில் வெடிப்பு வழியே நீரை மடமடவென்று குடிக்கும், பிறகு ஊதிக்கொண்டு எல்லா வழியையும் அடைத்துவிடும். அப்புறம் நீர் கீழே இறங்குவது நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான்.

மண்ணை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாற்றின் கிளைகள் பலவும் பாசன ஆறாகவும் வடிகாலாகவும் ஒருசேர வேலை செய்கின்றன. கழிமுகத்தின் சரிவோ மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு நிறைந்து ஓடும்போது உங்கள் வயல் நீர் போக இடமில்லை. வயலுக்குள் எவ்வளவு செலவு செய்தாலும், ஊர் வடிகாலின் அடிமட்டம் உங்கள் வயல் மட்டத்தைவிடக் குறைந்தது இரண்டடி தாழ்வாக இல்லாவிட்டால் பயன் கிடைக்காது. முதலில் அந்த மட்டத்தை அளந்து பாருங்கள்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் என் மண்ணில் வடிகால் எப்படி என்று நானே தெரிந்துகொள்ள முடியுமா? – வாசகி, நீடாமங்கலம்

முடியும். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், வரப்பிலிருந்து தள்ளி, மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். வெயில் விழும் பக்கச் சுவரைக் கத்தியால் சீவி, நிறத்தைப் பாருங்கள்.

காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு துருவாக இருக்கும், அதனால் மண் பழுப்பாகத் தெரியும். மண் துவாரங்களில் நீர் நிறைந்துவிட்டால், காற்றில் பரவுவதைப் போல ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பிராணவாயு உள்ளே போகும். உள்ளே இருந்ததை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். பிறகு அவை நைட்ரேட்டையும் மாங்கனீசையும், அதற்கடுத்து இரும்பையும் சுவாசத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது துரு கரைந்து, மண் சாம்பல் நிறமாகும். நீர் இறங்கும் காலத்தில் வேர்த் துவாரங்கள் வழியே காற்று நுழையும் இடங்களில் மட்டும் மறுபடி துரு படியும்.

எனவே குழி முழுதும் சீரான பழுப்பு என்றால் கவலை இல்லை. சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளும் வேர்த்தடக் கோடுகளும் இருந்தால், அந்த ஆழத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் நீர் நிற்கிறது. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் புள்ளியே இல்லை என்றால் பெரும்பாலும் எப்போதும் நீர்தான். அந்தக் கட்டியை வெளியே எடுத்து வைத்தால் சில மணி நேரத்தில் பழுப்பாக மாறத் தொடங்கும். மிளகு போன்ற கறுப்பு உருண்டைகள் தென்பட்டால் நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கிறது என்று பொருள். ஓர் எச்சரிக்கை: துருப்புள்ளியின் விளிம்பு கூர்மையாக வெட்டினாற்போல இருந்தால் அது பழைய காலத்து அடையாளமாக இருக்கலாம், விளிம்பு மங்கிக் கரைந்திருந்தால் இப்போதும் நடப்பது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சாம்பல் நிறம் எங்கே இருக்கிறது? மேல் ஓரடியில் சாம்பலும் அதன் கீழே பழுப்புமாக இருந்தால், சேற்றுழவால் இறுகிய அடித்தட்டு மேல்நீரைத் தாங்கி நிற்கிறது. கீழே போகப்போகச் சாம்பல் கூடினால், நிலத்தடி நீர்மட்டமே மேலே இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உளிக்கலப்பை போட்டால் நீர் தேங்குவது நிற்கும் என்கிறார்கள். போடலாமா? – வாசகர், மன்னார்குடி

உளிக்கலப்பை ஆழத்தில் இறுகிய தட்டை உடைக்கும் கருவி. மேலே சொன்னபடி சேற்றுழவால் இறுகிய அடித்தட்டுதான் நீரைத் தாங்குகிறது என்றாகி, கரும்பு, வாழை போன்ற தோட்டப் பயிருக்கு மாறுவதாக இருந்தால் மட்டும் போடலாம். கோடையில் மண் நன்றாகக் காய்ந்து, கட்டி நொறுங்கும் பதத்தில் ஒன்றரை அடி ஆழம் உழ வேண்டும். ஈரக் களியில் உளி ஓடினால் தட்டு உடையாது. உளி போன தடம் மட்டும் வழவழவென்று மெழுகினாற்போல ஆகி, இருந்த துவாரமும் அடைபடும். நெல்லே தொடர்ந்து போடுகிறீர்கள் என்றால் அந்தத் தட்டைத் தொடாதீர்கள். நீரைப் பிடிப்பதும் அறுவடை இயந்திரம் புதையாமல் தாங்குவதும் அதுதான். நிலத்தடி நீர் மேலே இருக்கும் வயலில் உளிக்கலப்பை வீண் செலவு.

நட்டு மூன்று வாரத்தில் அடியிலைகளில் துருப் புள்ளி. வேரைப் பிடுங்கினால் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம். கடைக்காரர் பூஞ்சைக்கொல்லி தருகிறார். – வாசகர், திருத்துறைப்பூண்டி

மருந்தைத் திருப்பிக் கொடுங்கள். நீர் வடியாத, காரத்தன்மை உள்ள களியில் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போவதன் அடையாளம் இது. இளம் இலையின் அடியில் நடுநரம்பு வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கறுப்பு வேரும் நாற்றமும் கந்தக நச்சு. தழையை மக்கவிடாமல் உடனே நட்ட வயலில் இது அதிகம். வேரின் மேல் செம்பழுப்புப் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். வேர் தானே பிராணவாயுவை வெளியே விட்டு இரும்பைத் துருவாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது.

முதல் வேலை நீரை வடிப்பது. மயிரிழை வெடிப்பு தோன்றும்வரை காயவிட்டு மறுபடி நீர் கட்டுங்கள். விரல் நுழையும் வெடிப்பு வரை விட்டால் வேர் அறும், கட்டும் நீரும் வெடிப்பு வழியே இறங்கிப் போகும். அதோடு 0.5 சதவீத துத்தநாக சல்பேட்டும் 1 சதவீத யூரியாவும் கலந்த கரைசலை 15 நாள் இடைவெளியில் தெளியுங்கள். அடுத்த பட்டத்தில் நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து சேற்றின் மேல் சீராகத் தூவுங்கள். டி.ஏ.பி. உரத்தோடு மட்டும் கலக்கவே கூடாது, அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) துத்தநாகத்தைப் பிடித்து முடக்கிவிடும்.

வாய்க்கால் ஓரத்தில் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் போல வண்ணம் காட்டுகிறது. எண்ணெய்க் குழாய் கசிகிறதோ என்று ஊரில் பேச்சு. – வாசகி, திருவாரூர் அருகில்

ஒரு குச்சியால் படலத்தைக் கிழித்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு போல உடைந்து, ஒட்டாமல் மிதந்தால் அது களியிலிருந்து கரைந்து வந்த இரும்பு, காற்றுப் பட்டு நுண்ணுயிர்களின் உதவியோடு படிவது. தீங்கு இல்லை. குச்சி போன இடத்தில் மறுபடி ஒன்றுகூடி, மண்ணெண்ணெய் வாடையும் அடித்தால் எண்ணெய்தான். வாய்க்கால் நீரைப் பயன்படுத்தாமல் நிறுத்திவிட்டு, வட்டாட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஜிப்சம் போட்டால் களி இளகி நீர் வடியுமா? – வாசகர், வேதாரண்யம்

களர் நிலமாக இருந்தால் இளகும். கார அமில நிலை 8.5க்கு மேல், மாற்றீடு செய்யக்கூடிய சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்று மண் பரிசோதனை சொன்னால்தான் ஜிப்சம். சாதாரணக் களியை இளக்க அது உதவாது.

களராகவே இருந்தாலும் வரிசை முக்கியம். ஜிப்சத்தின் சுண்ணாம்புச்சத்து, களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். தள்ளப்பட்ட சோடியம் நீரோடு வயலை விட்டு வெளியேற வேண்டும், இல்லையென்றால் அங்கேயே கிடக்கும். ஆகவே முதலில் சமன்படுத்தி, சுற்றிலும் இரண்டடி ஆழ வடிகால் வெட்டுங்கள். பிறகு பரிசோதனை சொன்ன அளவு ஜிப்சம் தூவி, மேலாக உழுது, நல்ல நீர் நான்கு அங்குலம் கட்டி, ஓரிரு நாளில் வடியுங்கள். இதை மூன்று நான்கு தடவை செய்து, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். கடலோரத்தில் உவர்ப்பு மட்டும் இருந்து சோடியம் அளவு மீறாமல் இருந்தால் ஜிப்சம் தேவையில்லை. மழைநீரைத் தேக்கி வடித்தாலே உப்பு போகும்.

ஒவ்வொரு கார்த்திகையும் சம்பா மூழ்குகிறது. நீர் வடிந்த அன்றே யூரியா போடலாமா? – வாசகர், தலைஞாயிறு

வேண்டாம். மண் இன்னும் மூச்சடைத்துத்தான் இருக்கும், வேரும் எடுக்காது. ஈரமும் காற்றும் மாறிமாறி வரும் அந்த நிலையில் யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் போய்விடும். நீர் நன்றாக வடிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்து இலைவழி தெளியுங்கள். புதுக்குருத்து விட்ட பிறகு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷோடு சேர்த்து மேலுரமாக இடுங்கள்.

ஆண்டுதோறும் மூழ்கும் வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் பொருந்தும். ஏறக்குறைய இரண்டு வாரம் நீருக்குள் இருந்தும் பிழைக்கும். மற்ற ரகங்கள் மூச்சுக்காக வேகமாக நீண்டு, இருப்பு மாவுச்சத்தைத் தீர்த்துக்கொண்டு சாயும். இது வளர்ச்சியை நிறுத்தி இருப்பைக் காத்துக்கொள்கிறது. ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட ரகம் என்பதால் நாற்றங்காலை ஆவணியிலேயே விட்டுவிடுங்கள். புரட்டாசி கடந்தால் பூக்கும் பருவம் தள்ளிப்போய், நெல்லுக்குப் பின் விதைக்கும் தரிசு உளுந்துக்கும் ஈரம் மிஞ்சாது.