இளங்காற்றுக்கு எத்தனை சதுர மீட்டர் பாய்? – விண்ட்சர்ஃபிங் கேள்வி பதில்

பாய் பொருத்திய போர்டில் நின்று காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கில், காற்று குறைந்த நாளுக்குப் பாய் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இளங்காற்று என்று நான் சொல்வது சுமார் 12 நாட்ஸ் வரை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை. பிளேனிங் என்பது போர்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகாமல், மேலே ஏறிச் சறுக்கி ஓடுவது.

அண்ணா, என் எடை 75 கிலோ. 12 நாட்ஸில் பிளேனிங் ஆக எந்தப் பாய் வாங்கலாம்?

8-லிருந்து 8.5 சதுர மீட்டர். இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: எடையை 1.34 ஆல் பெருக்கி, காற்றின் நாட்ஸால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 8.4 வருகிறது. ஓரளவு பழகியவருக்கான கணக்கு இது. அரைச் சதுர மீட்டர் இப்படி அப்படி இருந்தால் கவலை இல்லை.

ஆனால் காற்று இன்னும் குறைந்தால் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதே 75 கிலோவுக்கு 8 நாட்ஸ் போட்டுப் பார்த்தால் 12.6 என்று வரும். இளங்காற்றுக்கென்றே பிறந்த ஃபார்முலா வகைப் போட்டியிலேயே பாயின் உச்சவரம்பு 12.5 தான்.

10 நாட்ஸுக்கும் 12 நாட்ஸுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? இரண்டு நாட்ஸ்தானே?

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 10-க்கு 100 என்றால் 12-க்கு 144. அந்த இரண்டு நாட்ஸில் 44 சதவீதம் கூடிவிடுகிறது.

என் போர்டு 68 சென்டிமீட்டர் அகலம். 9.5 பாய் போட்டால் சீக்கிரம் பிளேனிங் ஆகுமா?

ஆகாது. பணத்தைக் கொட்டுமுன் கேட்டீர்களே, நல்லது. பெரிய பாய் பக்கவாட்டில் தள்ளுகிற வலுவைத் தாங்க, போர்டுக்குக் கீழே நீளமான ஃபின் (மீன் துடுப்பு போன்ற தகடு) வேண்டும். அந்த ஃபினை அடக்கி வைக்க, கால் ஊன்றுவதற்குப் போர்டின் ஓரம் நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், அதாவது அகலம் வேண்டும். மூன்றும் ஒரே சங்கிலி. 68 சென்டிமீட்டரில் 7 சதுர மீட்டரைத் தாண்டினாலே முன்பக்கம் அழுந்தத் தொடங்கும். 8.5 பாய்க்கு 75–80 சென்டிமீட்டர் அகலமும் 46–50 சென்டிமீட்டர் ஃபினும் இருந்தால் இசைவாக இருக்கும். 9.5 வேண்டுமென்றால் 85 சென்டிமீட்டர் பக்கம் போய்விடுங்கள். ஃபார்முலா போர்டுகளை 100 சென்டிமீட்டர் அகலத்தில், 70 சென்டிமீட்டர் ஃபினோடு செய்ததற்கும் இதுதான் காரணம்.

கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், முதலில் அகலமான போர்டை வாங்குங்கள் என்பேன்.

சார், என் எடை 82, மனைவி 55. ஒரே பாயை இருவரும் வைத்துக்கொள்ளலாமா?

மேலே சொன்ன கணக்குப்படி 12 நாட்ஸில் உங்களுக்கு 9.2, அவருக்கு 6.1. குடும்ப அமைதி முக்கியம், இரண்டாக வாங்கிவிடுங்கள்.

நான் 9.0 வைத்திருக்கிறேன். என் எடையே உள்ள நண்பர் 7.5-இல் எனக்கு முன்னால் கிளம்பிவிடுகிறார். பாயில் கோளாறா?

பாயை விட்டுவிட்டு அவர் கைகளைக் கவனியுங்கள். கொஞ்சம் காற்று கூடும்போது போர்டின் மூக்கைக் காற்று போகும் பக்கம் சற்றுத் திருப்பி, பாயை இழுத்து இழுத்து பம்ப் அடிப்பார். சரியான நேரத்தில் அடித்தால் நாலைந்து இழுப்பில் போர்டு தண்ணீருக்கு மேலே ஏறிவிடும். ஒருமுறை ஏறிவிட்டால் அந்த ஓட்டத்தைத் தக்கவைக்கக் குறைந்த காற்றே போதும். காற்று சற்று விட்டாலும் அவர் போய்க்கொண்டே இருப்பார். 9.0 பாயை அதே வேகத்தில் பம்ப் அடிக்கத் தோள் ஒத்துழைக்காது. அதனால்தான், போட்டியில் இறங்காதவர்களுக்கு 8.5-க்கு மேல் போக நான் பரிந்துரைப்பதில்லை.

காற்று குறைவு என்றால் பாயைத் தளர்வாகக் கட்ட வேண்டுமாமே?

எந்தக் கயிற்றை என்பதுதான் கேள்வி. பூம், அதாவது கையில் பிடிக்கும் குழாய், அதன் முனையில் பாயைப் பின்னால் இழுத்துக் கட்டும் அவுட்ஹாலைத் தளர்த்துங்கள். பாய்க்கு வயிறு விழும், இழுவை கூடும். மாஸ்ட் (பாய்மரம்) அடியில் பாயைக் கீழே இழுத்துக் கட்டும் டவுன்ஹாலை மட்டும் பாயில் குறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விடாதீர்கள். விட்டால் வயிறு பின்னால் நகர்ந்து, பின்விளிம்பு இறுகி, பாய் கையில் கனமாகத் தொங்கும். ஒரு சதுர மீட்டர் பெரிய பாயைத் தூக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும், வேகமோ வராது.

கேம்பர் உள்ளதா, இல்லாததா?

கேம்பர் என்பது பாயின் குறுக்குச் சட்டத்தை மாஸ்ட்டோடு சேர்த்து வளைவைப் பிடித்து வைக்கும் துண்டு. கேம்பர் பாய் காற்று அறுந்து அறுந்து வரும்போதும் வடிவம் கெடாமல் நிற்கும். ஆனால் கனம் கூடுதல், கட்ட நேரம் பிடிக்கும், விழுந்தால் மாஸ்ட் உறைக்குள் தண்ணீர் நிரம்பித் தூக்கவே திணறும். அடிக்கடி விழுகிறவர்கள் கேம்பர் இல்லாததையே எடுங்கள்.

இருக்கிற 430 சென்டிமீட்டர் மாஸ்ட்டில் 8.5 பாய் ஏறுமா?

ஏறாது. பெரும்பாலும் 490 கேட்கும், சில பாய்கள் 460. பாயின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

புதிதாகக் கற்கிறேன். 6 நாட்ஸ்தான் அடிக்கிறது. பெரிய பாய் எடுத்தால் எளிதாகுமா?

கஷ்டமாகும். அந்தக் காற்றில் யாரும் பிளேனிங் ஆகப்போவதில்லை. 4.5 அல்லது 5 போதும். விழுந்த பாயைத் திரும்பத் தூக்குவதில்தான் உங்கள் தெம்பு முழுதும் போகும், அதை மிச்சம் பிடியுங்கள்.

ஃபாயில் போட்டால் பாய் அளவு குறையுமா?

நன்றாகவே குறையும். ஃபாயில் என்பது ஃபினுக்குப் பதிலாக மாட்டும் இறக்கை; அது போர்டையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். ஃபினில் 8.5 கேட்கும் காற்றில், பெரிய முன் இறக்கை உள்ள ஃபாயிலுக்கு 6 சுற்றி இருந்தால் போதும். ஆனால் ஒலிம்பிக்கில் பார்த்ததை வைத்து அளவு எடுக்காதீர்கள். பாரிஸ் 2024-இல் இடம்பெற்ற ஐக்யூஃபாயில் என்ற ஃபாயில் போட்டிப் பிரிவில் ஆண்களுக்கு 9.0, பெண்களுக்கு 8.0. அவர்கள் காற்று கூடினாலும் அதே பாயோடு பந்தயம் ஓட வேண்டியவர்கள்.

காற்றுமானி இல்லை. எந்தப் பாயைக் கட்டுவது என்று கரையிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது?

திறந்த நீரில் வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் 8–10 நாட்ஸ். பரவலாகத் தெரிந்தால் 12-ஐத் தாண்டியிருக்கும். கரையிலிருந்து கடல் நோக்கி அடிக்கும் காற்றில் இது ஏமாற்றும்: அருகே தண்ணீர் வழவழவென்று கிடக்கும், தொலைவில் காற்று பலமாக இருக்கும். அன்றைக்குப் பாய் அளவு யோசிக்கவே வேண்டாம், இறங்காதீர்கள்.