மேடையில் பாடியவர் திரையில் ஏன் இல்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘மை ஃபேர் லேடி’ மேடையில் ஜூலி ஆண்ட்ரூஸ்தான் கதாநாயகி எலிசா. படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன். பாடத் தெரிந்தவர் கையில் இருக்கும்போது ஏன் இந்த மாற்றம்?

பதில்: எல்லாம் பணக் கணக்கு. 1956-ல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஏறிய அந்த இசை நாடகம் 2,717 காட்சிகள் ஓடியது. பட உரிமைக்கு மட்டும் வார்னர் பிரதர்ஸ் 55 லட்சம் டாலர் கொடுத்தது. அவ்வளவு பணத்தை இறக்கிவிட்டு, அதுவரை ஒரு படத்தில்கூட நடிக்காத பெண்ணைக் கதாநாயகியாகப் போட ஸ்டூடியோ முதலாளி ஜாக் வார்னருக்குத் துணிச்சல் வரவில்லை. நாடகத்தில் ஜூலியைப் பார்த்தவர்கள் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்தார்கள். படமோ எல்லா ஊரிலும் ஓடியாக வேண்டும். ஹெப்பர்னுக்குச் சம்பளம் 10 லட்சம் டாலர்.

ஹெப்பர்ன் பாடத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி எடுத்துப் பாட்டுகளைப் பதிவும் செய்தார். ஆனால் அந்த மெட்டுகள் ஜூலியின் உச்சஸ்தாயியை மனதில் வைத்துப் போட்டவை. மேலே போகும் இடங்களில் ஹெப்பர்ன் குரல் மெலிந்துவிடும். ஆகவே பெரும்பாலான இடங்களில் பின்னணிப் பாடகி மார்னி நிக்சன் குரலைச் சேர்த்தார்கள். ‘ஜஸ்ட் யூ வெய்ட்’ பாட்டைக் கண்ணை மூடிக் கேளுங்கள். எலிசா தன் பேச்சு ஆசிரியர் ஹிகின்ஸைத் திட்டும் வரிகளில் கரகரப்பாக ஒலிப்பது ஹெப்பர்ன். நடுவில் மெட்டு குழைந்து மேலேறும் இடத்தில் குரல் திடீரென்று பளபளப்பாகிவிடும், அது நிக்சன். ஒட்டுப் போட்ட இடம் நன்றாகவே தெரிகிறது.

படத்துக்கு 8 ஆஸ்கர் கிடைத்தது, ஹெப்பர்ன் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. அதே ஆண்டு சிறந்த நடிகை விருது ‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்காக ஜூலிக்குப் போனது. ஹிகின்ஸாக மேடையிலிருந்து படத்துக்கும் வந்த ரெக்ஸ் ஹாரிசனும் ஆஸ்கர் வாங்கினார்.

கேள்வி: பாட்டு வேறொருவர் குரல் என்பதைத் திரையில் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். நம் சினிமாவில் பின்னணிப் பாடகர் பெயரைச் சொல்லியே பாட்டை ரசிக்கிறோம். ஹாலிவுட்டில் அதை மூடி மறைத்தார்கள், அதனால் தேடத்தான் வேண்டும். வாயைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். நீண்ட சுரம் பிடிக்கும்போது தொண்டை இறுகும், நரம்பு புடைக்கும். குரல் உச்சத்தில் இருக்க, கழுத்து சும்மா இருந்தால் சந்தேகப்படலாம். அடுத்தது மூச்சு: வரி தொடங்குவதற்குச் சற்று முன் தோளோ நெஞ்சோ அசைய வேண்டும். மூன்றாவது, வசனத்திலிருந்து பாட்டுக்கு மாறும் நொடி. ஒரே அறையில் நிற்கும் ஆளின் குரல் அங்கே திடீரென்று ஸ்டூடியோவுக்குள் போன மாதிரி ஒலிக்கும்.

ஒரு எச்சரிக்கை. சொந்தக் குரலில் பாடியவர்களும் வழக்கமாக முன்பே பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைப்பவர்கள்தான். இதற்கு நல்ல வழி, படப்பிடிப்பிலும் வாய்விட்டே பாடுவது. வெறும் உதட்டசைவு என்றால் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பழைய முறைக்கு ரெக்ஸ் ஹாரிசன் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டைப் பேச்சுபோல இழுத்தும் விட்டும் சொல்பவர் அவர், இரண்டு முறை ஒரே மாதிரி வராது. அவருக்காகக் கழுத்து டைக்குள் வயர்லெஸ் மைக்கை ஒளித்து வைத்து, நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்தார்கள்.

கேள்வி: ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நாட்டலி வுட்டுக்குத் தன் குரல் வராது என்பதே தெரியாதாமே?

பதில்: தன் குரல்தான் வரும் என்று நம்பித்தான் நடித்தார். அதனால் நிக்சனின் வேலை தலைகீழானது. வழக்கமாகக் குரல் முதலில் பதிவாகும், உதடு அதைப் பின்தொடரும். இங்கே நாட்டலி தன் பதிவுக்கு வாயசைத்த படத்தைத் திரையில் பார்த்து, அந்த உதட்டுக்கு நிக்சன் பாட வேண்டியிருந்தது. தாளம் தப்பிய இடங்களில் தாமும் தப்பினால்தான் வாய் பொருந்தும். ‘டுநைட்’ ஐவர் பாட்டில் அனிடா என்ற இன்னொரு பாத்திரத்தின் பகுதியையும் நிக்சனே பாடினார், ஒரே பாட்டில் இரண்டு பெண்கள்! படத்தில் அவர் பெயர் இல்லை. இசைத்தட்டு வருமானத்தில் இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து கால் சதவீதம் கொடுத்தார்.

நிக்சனின் முகத்தைப் பார்க்க வேண்டுமா? ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் சிஸ்டர் சோஃபியா அவர்தான்.

கேள்வி: நடிகைக்கு எட்டவில்லை என்றால் சுருதியை இறக்கிவிட்டால் போதாதா?

பதில்: அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குவது சாதாரணம். தனிப்பாட்டு என்றால் தொல்லை குறைவு. அதற்குமேல் இறக்கினால் மூன்று இடத்தில் இடிக்கும். முதலாவது ஜோடிப் பாட்டு: அவருக்காக இறக்கினால் கூடப் பாடும் ஆணின் கீழ்ச் சுரங்கள் முனகலாகிவிடும். இரண்டாவது வாத்தியம். வயலினின் கடைசித் தந்திக்குக் கீழே சுரமே கிடையாது. அந்த அடிச் சுரத்தைத் தொட்டு எழுதிய வரியை இறக்க வேண்டுமானால் வயோலாவுக்கு மாற்றி எழுத வேண்டும், நிறமே வேறாகிவிடும். மூன்றாவதுதான் பெரியது. மேடைப் பாட்டின் உச்சம், பாடுபவர் தன் எல்லையைத் தொடும் இடத்தில் இருக்கும். சுகமான சுருதிக்கு இறக்கினால் பாட்டு சரியாக வரும், ஆனால் அந்தத் தவிப்பு போய்விடும். நடிகையைத் தேர்வு செய்த பிறகு சுருதி பார்ப்பதைவிட, ஸ்கிரீன் டெஸ்டிலேயே அந்தப் பாத்திரத்தின் மிகக் கடினமான எட்டு வரிகளைப் பாடச் சொல்வது புத்திசாலித்தனம்.

கேள்வி: மேடையில் நடித்தவரையே படத்திலும் போட்டு, அவருக்கும் வேறு குரல் கொடுத்ததுண்டா?

பதில்: உண்டு. ‘சவுத் பசிபிக்’ (1958). பிராட்வேயில் ப்ளடி மேரியாகப் பாடிய ஹுவானிட்டா ஹால்தான் படத்திலும், ஆனால் பாட்டு மட்டும் மியூரியல் ஸ்மித்.

கேள்வி: ‘லே மிசராப்ள்’ (2012) படத்தில் எல்லோரும் கேமரா முன்னால் நேரடியாகப் பாடினார்கள். பிறகும் ரஸ்ஸல் குரோவை ஏன் குறை சொல்கிறார்கள்?

பதில்: நேரடியாகப் பாடுவது ஒருவருக்கு வரம், இன்னொருவருக்குச் சோதனை. காதில் சிறிய இயர்பீஸ், கேமராவுக்கு அப்பால் பியானோ. நடிகர் நிறுத்தினால் பியானோவும் நிற்கும், விம்மினால் காத்திருக்கும். ஆர்கெஸ்ட்ரா பின்னால் சேர்த்தது. உடையில் தெரிந்த மைக்கைக் கணினியில் அழித்தார்கள். இதில் ஆன் ஹாத்வே ஒரே குளோசப்பில் அழுதுகொண்டே பாடி ஆஸ்கர் வாங்கினார். அந்தப் பாட்டு உடைந்துபோன பெண்ணின் பாட்டு, குரல் உடைந்தால் அதுவும் நடிப்பே.

குரோ நடித்த போலீஸ் அதிகாரி ஜாவேர் அப்படியல்ல. உடையாத ஆள், சட்டத்தைத் தவிர எதையும் அறியாதவன். ‘ஸ்டார்ஸ்’ பாட்டில் நீண்ட வரிகளை ஒரே மூச்சில், இரும்புபோல நிறுத்த வேண்டும். குரோவின் குரல் ராக் பாட்டுக்குப் பழகியது, அந்த நீளத்தில் தட்டையாகிவிடுகிறது. முன்பதிவு என்றால் நாலு டேக்கில் நல்லதை வெட்டி ஒட்டலாம். நேரடிப் பதிவில் ஒவ்வொரு டேக்கும் ஒவ்வொரு வேகம், ஒட்டுவது கடினம். அவர் மோசமான நடிகர் என்று நான் சொல்லமாட்டேன். முறைக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை.

கேள்வி: பேசாமல் மேடைக் குழுவையே படத்துக்கும் எடுத்துவிட்டால் என்ன?

பதில்: வயது விடாது. மேடையில் இருபதாவது வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு 27 வயதுக்காரர் 17 ஆகத் தெரிவார். குளோசப்பில் தெரியமாட்டார். ‘டியர் இவான் ஹேன்சன்’ (2021) படத்தில் பென் பிளாட்டுக்கு நடந்தது அதுதான். குரலில் குறையே இல்லை, முகம் பள்ளிக்கூடத்தைத் தாண்டிவிட்டது. ‘ரென்ட்’ 1996-ல் மேடையேறியது, படம் 2005. முதன்மை நடிகர்கள் எட்டுப் பேரில் ஆறு பேர் அப்படியே வந்தார்கள், கூடவே ஒன்பது ஆண்டுகளும்.

வயது கதைக்கு முக்கியமில்லாத பாத்திரம் என்றால் தாராளமாக எடுக்கலாம். ‘தி கிங் அண்ட் ஐ’யின் யுல் பிரின்னர், ‘கேபரே’யின் ஜோயல் கிரே இருவரும் மேடையிலிருந்து வந்து ஆஸ்கர் வாங்கியவர்கள்.

கேள்வி: இரண்டு ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படங்களில் நடிகர் தேர்வில் என்ன வித்தியாசம்?

பதில்: 1961-ல் புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்களாக நடித்த எல்லோருக்கும் ஒரே பழுப்பு நிற மேக்கப். அங்கேயே பிறந்த ரீட்டா மொரேனோவுக்கும் தப்பவில்லை. அவர்கள் தலைவன் பெர்னார்டோவாக வந்த ஜார்ஜ் சாக்கிரிஸ் கிரேக்க வம்சாவளி. லண்டன் மேடையில் அவர் நடித்தது எதிர்க் கோஷ்டித் தலைவன் ரிஃப்! 2021-ல் ஸ்பீல்பெர்க் லத்தீன் பாத்திரங்களுக்கு அந்த வம்சாவளியினர்தான் என்பதில் கறாராக இருந்தார். பொதுத் தேர்வுக்கு விண்ணப்பித்த 30,000-க்கும் மேற்பட்டவர்களிலிருந்து வந்தவர் மரியாவாக நடித்த ரேச்சல் செக்லர், பாடியதும் அவரே. முதல் படத்தின் கடைக்காரர் டாக் பாத்திரத்தை அவருடைய விதவை வாலென்டினா ஆக்கி, ரீட்டா மொரேனோவிடம் கொடுத்தார்கள். முன்பு காதலர்கள் பாடிய ‘சம்வேர்’ இந்தப் படத்தில் அவருடைய பாட்டு.